வாசகர் கேள்வி: வேட்பாளர் கூட்டத்தில் நில ஒப்புகை

கேள்வி: ஸ்காபரோவில் நாங்கள் சிலர் சேர்ந்து, தேர்தலை முன்னிட்டு வேட்பாளர்களுடன் ஒரு பொதுக்கூட்டம் நடத்தவிருக்கிறோம். தொடக்கத்தில் நில அங்கீகார உரை, அதாவது நாம் கூடியிருக்கும் நிலம் எந்தப் பூர்வகுடி மக்களுடையது என்று ஒப்புக்கொள்ளும் சிற்றுரை, வாசிக்க வேண்டும் என்று இளையவர்கள் வற்புறுத்துகிறார்கள். மூத்தவர்களோ, "நாங்களே நிலத்தை இழந்து அகதிகளாய் வந்தவர்கள், யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை, நாங்கள் ஏன் இதைச் சொல்ல வேண்டும்?" என்று கேட்கிறார்கள். இது சட்டப்படி கட்டாயமா, அல்லது வெறும் சடங்கா?

பதில்: கட்டாயமில்லை. மாநகர சபை, பாடசாலைச் சபை போன்றவை தமக்கென வகுத்துக்கொண்ட நடைமுறையாக இதைக் கடைப்பிடிக்கின்றன. நீங்கள் நடத்தும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. பூர்வகுடிச் சிறுவர்களுக்கான வதிவிடப் பாடசாலைகளின் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015ஆம் ஆண்டில் விடுத்த 94 செயல் அழைப்புகளிலும் இது இடம்பெறவில்லை. ஆயினும் அந்த அறிக்கைக்குப் பின்னரே இவ்வழக்கம் கனடா எங்கும் விரைந்து பரவியது.

மூத்தவர்களின் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். பிறந்த மண்ணை விட்டு ஓடிவந்தவரிடம் இன்னொருவரின் மண்ணைப் பற்றிப் பேசும்போது நாக்கு கூசத்தான் செய்யும். ஆனால் அந்த உரை "நான் பறித்தேன்" என்று யாரையும் சொல்லச் சொல்வதில்லை. இந்த மண்ணில் அரசுக்கும் முதற்குடிகளுக்கும் இடையே உடன்படிக்கைகள் உள்ளன, அவற்றின் பயனில் நாமும் பங்குகொள்கிறோம் என்பதையே அது ஒப்புக்கொள்கிறது. வீடு வாங்கும்போது நாம் பெறும் உறுதிப்பத்திரத்தின் வேரைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், அது அரசு பெற்றதாகச் சொல்லிக்கொண்ட நிலத்தில்தான் போய் நிற்கும். குடியுரிமை உறுதிமொழியையும் நினைத்துப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது திருத்தப்பட்டு, கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடிகள், இனுவிட், மேட்டிஸ் மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்றுறுதி செய்யும் அரசியலமைப்பும் அதில் பெயர்சொல்லிச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் உறுதிமொழி எடுத்தவர்கள் அந்தச் சொற்களை உச்சரிக்கவில்லை. ஆனால் அவ்வுரிமைகளைக் காக்கும் 35ஆம் பிரிவு 1982 முதல் அரசியலமைப்பில் இருப்பதால், கனடாவின் சட்டங்களைப் பின்பற்றுவோம் என்று அவர்கள் கொடுத்த வாக்கு அதையும் உள்ளடக்கியதே. ஆகவே இது நமக்குப் புறம்பான கதையன்று.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். நாம் பழகிக்கொண்ட "அங்கீகாரம்" என்ற சொல் எனக்கு உவப்பாக இல்லை. அங்கீகாரம் என்பது மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு வழங்குவது. பல்கலைக்கழகம் கல்லூரியை அங்கீகரிக்கும். "ஒப்புகை" என்பது அப்படியன்று. பெற்றுக்கொண்டவர் பெற்றதைச் சொல்லி எழுதிக்கொடுப்பது ஒப்புகை. கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகைச்சீட்டு தருகிறோம் அல்லவா? நிலம் கிடைத்ததற்கும் அதுவே பொருத்தமான சொல் என்பது என் கருத்து.

அப்படியானால் எதைப் பெற்றோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ரொறன்ரோ நகர மண்டபத்து உரையைப் படியெடுத்து வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகின்றன. 13ஆம் இலக்க உடன்படிக்கை, அதாவது ரொறன்ரோ கொள்வனவு, எற்றோபிக்கோ சிற்றாற்றிலிருந்து கிழக்கே அஷ்பிரிட்ஜஸ் குடா வரையிலான கரையையும் அதற்கு வடக்கே உள்ள நிலத்தையும் பற்றியது. 1787இல் மிசிசாகா என்ற முதற்குடி மக்களின் தலைவர்களிடம் அரசு பெற்றதாகக் கூறப்பட்ட அந்தப் பத்திரம், நிலத்தின் விவரமே எழுதப்படாத வெற்றுப் பத்திரமாக இருந்தது. பின்னர் அரசு அதிகாரிகளே அதன் செல்லுபடியைச் சந்தேகித்ததால், 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து அதை மறுபடியும் உறுதிசெய்துகொண்டார்கள். சுமார் 250,000 ஏக்கர் நிலத்துக்கு பத்து ஷில்லிங்! கிரெடிட் ஆற்று மிசிசாகா மக்கள் 1847இல் தம் ஆற்றங்கரையை விட்டு ஹேகர்ஸ்வில் அருகே குடிபெயர்ந்தார்கள். இந்தக் கொள்வனவு தொடர்பான அவர்களது கோரிக்கை 14.5 கோடி டொலருடன் தீர்க்கப்பட்டது 2010இல்தான்.

ஆனால் உங்கள் கூட்டம் நடப்பது ஸ்காபரோவில். அது அந்த எல்லைக்குக் கிழக்கே உள்ளது. அங்கே கரையோர நிலம் முதலில் துப்பாக்கி வெடிச்சத்தம் கேட்கும் தூரம் வரை என்று அளக்கப்பட்டதாகச் சொல்லப்படும் உடன்படிக்கையின் கீழ் எடுக்கப்பட்டது. அதன் குழப்பம் தீராததால் 1923இல் ஏழு முதற்குடிச் சமூகங்களுடன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அவற்றைக் காரணங்காட்டி, தம் பழைய நிலங்களில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அம்மக்களுக்கு இருந்த உரிமையை அரசு பல பத்தாண்டுகள் மறுத்தது. மீன் பிடித்ததற்காகவே வழக்குச் சந்தித்தவர்கள் உண்டு. 2018இல் 111 கோடி டொலர் தீர்வும், அரசுகளின் மன்னிப்பும், அவ்வுரிமைகளின் மீளேற்பும் வந்தன. உங்கள் உரையில் இடம்பெற வேண்டியது இந்த வரலாறு. ஒட்டாவாவின் நாடாளுமன்றமோ அல்கொன்கின் மக்கள் எந்த உடன்படிக்கையிலும் விட்டுக்கொடுக்காத நிலத்தில் நிற்கிறது. எனவே அங்கு சொல்லப்படும் வாசகத்தை இங்கு சொன்னாலும் பிழைதான்.

சடங்கா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆம், பல இடங்களில் அது சடங்காகிவிட்டது. நாற்காலிகள் இழுபட, ஒலிவாங்கி சரிபார்க்கப்பட, யாரோ ஒருவர் தாளைப் பார்த்து ஓட்டமாக வாசித்துவிட்டுப் போன கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. தன் பல்கலைக்கழகத்துக்காக இத்தகைய உரையை எழுத உதவிய அனிஷினாபே என்ற முதற்குடியைச் சேர்ந்த அறிஞர் ஹேடன் கிங், அதை எழுதியதற்காக வருந்துவதாக 2019இல் வெளிப்படையாகக் கூறினார். உடன்படிக்கையால் எழும் கடமையைப் பற்றிப் பேசாமல் பெயர்களை மட்டும் ஒப்பிப்பதால் பயனில்லை என்பதே அவரது கவலையின் சாரம்.

மாறாக வின்னிபெக்கைப் பாருங்கள். அந்நகரத்துக்கு 1919 முதல் சோல் ஏரியிலிருந்து குடிநீர் வருகிறது. அந்த நீர்வழிப் பணியால் சோல் லேக் 40 முதற்குடியினரின் ஊர் தரைத்தொடர்பு அறுந்து செயற்கைத் தீவாயிற்று. நகரம் குடித்த ஏரியின் கரையில் இருந்த அவர்களுக்கோ 1997 முதல் 2021 வரை கொதிக்கவைத்த நீரே கதி; வெளியுலகை இணைக்கும் பாதையும் 2019இல்தான் கிடைத்தது. இன்று வின்னிபெக்கில் வாசிக்கப்படும் ஒப்புகைகள் பலவற்றில் "எங்கள் குடிநீர் சோல் லேக் 40இலிருந்து வருகிறது" என்ற வரி உண்டு. மேசை மீதுள்ள தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைக் கேட்பவருக்கு அது சடங்காகத் தோன்றாது.

ஒப்புகை வாசிக்கப்படும் இசைவிழா போன்ற நிகழ்ச்சிகளுக்கும் உங்கள் கூட்டத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: உங்கள் மேடையில் இருப்பவர்கள் அதிகாரம் கேட்டு வந்தவர்கள். ஆகவே ஒப்புகையை வாசித்த கையோடு, வேட்பாளர்களுக்கான முதல் கேள்வியை அதிலிருந்தே கேளுங்கள். வில்லியம்ஸ் உடன்படிக்கை முதற்குடிகளின் உரிமைகளை மதிக்க உங்கள் பதவியில் என்ன செய்வீர்கள்? அவர்களைப் பாதிக்கும் திட்டங்களில் அவர்களுடன் எப்போது கலந்தாலோசிப்பீர்கள்? பதிலுக்கு மற்றக் கேள்விகளுக்குத் தரும் அதே நேரத்தைக் கொடுங்கள். இதைச் செய்ய விருப்பமில்லையென்றால், உரையையும் வாசிக்காமல் விட்டுவிடுவதே நேர்மை என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: பூர்வகுடி மூத்தவர் ஒருவரை அழைத்து இதைச் சொல்லவைப்பது மேலும் சிறப்பாக இருக்காதா?

பதில்: அழைப்பது வேறு, ஒப்புகை வேறு. வரவேற்பது அந்த மண்ணின் மக்களுக்குரியது, ஒப்புக்கொள்வது வந்தவர்களுக்குரியது. நம் கடமையை அவர் வாயால் சொல்லவைப்பது முறையன்று. மேலும் அரசியல் மேடையில் அவர் அமர்வது ஏதோ ஒரு கட்சிக்கு அவர் ஆதரவு தருவதாகப் பொருள்பட்டுவிடக்கூடும். வரவேற்புரைக்கு அழைப்பதானால் வாரக்கணக்கில் முன்னரே கேளுங்கள்; அவருடைய மக்களின் வழக்கத்தைக் கேட்டறிந்து மதியுங்கள்; போக்குவரத்துச் செலவையும் உரிய சன்மானத்தையும் கொடுங்கள்; முடிந்ததும் வழியனுப்பிவிடாமல் கூட்டம் முழுவதும் இருக்க அழையுங்கள்.

கேள்வி: தமிழில் வாசிக்கலாமா?

பதில்: தாராளமாக. கூட்டத்தில் இருப்பவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படாத ஒப்புகையால் யாருக்கு என்ன பயன்? ஆனால் மக்களின் பெயர்களை மொழிபெயர்க்காதீர்கள். அனிஷினாபே, ஹோடனோஷோனி, வென்டாட் என்ற பெயர்களை அவர்கள் சொல்வதைக் கேட்டு, வாசிக்கப்போகிறவர் முதல் நாளே பலமுறை சொல்லிப் பழகட்டும். நம் பெயர்களைப் பிறர் சிதைத்துச் சொல்லும்போது ஏற்படும் வலி நமக்கு நன்றாகத் தெரியும்.