நுரையீரலைச் சுற்றிய நீர் ‘எக்ஸுடேட்’ என்று ரிப்போர்ட் வந்தால் புற்றுநோய்தானா?

இல்லை. தொற்று, அழற்சி, கட்டி போன்றவற்றால் கசிந்து வரும், புரதம் கூடிய நீரைத்தான் எக்ஸுடேட் என்கிறோம். அம்மாவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் இருப்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, இருபது வருடமாக லேப் டெக்னீஷியன். ‘டெக்னீஷியனுக்கு என்ன தெரியும்’ என்று கேட்க வருகிறவர்கள், அந்த எண்களை அளந்து கொடுப்பது யார் என்று யோசித்துவிட்டு வரட்டும்.

என் அப்பாவுக்கும் இதே ரிப்போர்ட் வந்தது. இதயம் பலவீனம். பத்து நாள் நீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். அதில் 100 மில்லிக்குப் புரதம் 3.4 கிராம். 3-க்கு மேல் போனால் எக்ஸுடேட் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. அதை வைத்து யாரோ ‘கட்டியாக இருக்கலாம்’ என்று சொல்லிவிட, அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வேறு. நீரை மட்டும் அனுப்பியிருந்தார்கள், கூடவே இரத்தம் எடுக்கவில்லை. 1972-இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க நுரையீரல் மருத்துவரும் சகாக்களும் சொன்ன கணக்கே இரண்டையும் ஒப்பிடுவதுதான். நீரின் புரதம் இரத்தப் புரதத்தில் பாதியைத் தாண்ட வேண்டும், அல்லது நீரின் எல்டிஎச் (செல்கள் சிதைந்தால் கூடும் ஒரு நொதி) இரத்தத்தில் இருப்பதில் 0.6 பங்கைத் தாண்ட வேண்டும், அல்லது இரத்த எல்டிஎச்சின் இயல்பான உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டும். ஒன்று தாண்டினாலே எக்ஸுடேட். சண்டை போட்டு அன்றைக்கே இரத்தம் எடுக்க வைத்தேன். புரதம் 6.4. வகுத்தால் 0.53. அத்தனை சண்டைக்குப் பிறகும் எக்ஸுடேட்! அசடு வழிய நின்றேன்.

ஆனால் எல்டிஎச் எதையும் தாண்டவில்லை, புரதமும் மயிரிழையில்தான். நீர் மாத்திரை தண்ணீரை இழுத்துவிடும், புரதம் தங்கிவிடும். இதயக் கோளாறால் சேர்ந்த நீர், அதாவது டிரான்ஸுடேட், அப்போது எக்ஸுடேட் வேஷம் போடும். லைட் கணக்கில் சுமார் கால்வாசி டிரான்ஸுடேட் இப்படித் தவறிப் போகிறது. மிச்சமிருந்த சாம்பிளில் ஆல்புமின் என்ற புரதத்தை மட்டும் தனியாகப் பார்த்தேன்: இரத்தத்தில் 3.5, நீரில் 2.0. வித்தியாசம் 1.2-ஐத் தாண்டினால் டிரான்ஸுடேட் பக்கம், இங்கே 1.5. நீரில் ஏடிஏ என்ற நொதி வெறும் 12. 40-ஐத் தாண்டினால்தான் காசநோய்ச் சந்தேகம். செல் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. டாக்டர் ஒப்புக்கொண்டு மாத்திரையைக் கூட்டினார், நீர் வற்றியது.

எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. நிமோனியா, காசநோய், முடக்குவாதம், புற்றுநோய் எல்லாமே பெரும்பாலும் எக்ஸுடேட்டாகத்தான் வரும். புற்றுநோய் என்று சொல்ல செல்லோ திசுவோ வேண்டும், புரதம் போதாது. நிமோனியா நீரில் பிஎச் (அமில-கார அளவு) 7.2-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் குழாய் போட்டு வடிப்பார்கள். அந்தச் சாம்பிளைக் காற்றுப் புகுந்த சிரிஞ்சில் அனுப்பிவிட்டு, பிஎச் ஏறி வந்ததும் ‘லேப் தப்பு’ என்று போன் வரும். சரியாகக் கொடுத்த நாளில் ஒரு போன்கூட வந்ததில்லை. சரி, அதை விடுங்கள்.

நீர் எடுத்த அன்று அம்மாவுக்கு இரத்தமும் எடுத்தார்களா? நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா? இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், ஆல்புமின் வித்தியாசம் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.