இட்லிக் கொப்பரையும் ஜிஞ்சர்பிரெட் வீடும்: கூரை ஏன் சரிகிறது?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கிறோம். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூன்று வருடமாக, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறன்று குடும்பமாக உட்கார்ந்து ஜிஞ்சர்பிரெட் வீடு (மசாலா போட்டுச் சுட்ட கெட்டி பிஸ்கட் பலகைகளை ஒட்டிச் செய்யும் சின்ன வீடு) கட்டுகிறோம். போன இரண்டு வருடமும் அன்று ராத்திரியே கூரை சரிந்துவிட்டது. தூக்கி நிறுத்தினாலும் மூன்றாம் நாள் சுவர் நமத்துப் போகிறது. சின்னவன் ஒரே அழுகை. மாமியார் எங்களுடன் இருக்கிறார், முட்டை தொடமாட்டார். இந்த முறை கடையில் சுட்ட பலகைகளோடு வரும் 'கிட்' பெட்டி வாங்கிவிடலாமா? வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கட்டி முடித்த வீடே 45 யூரோவுக்குத் தருகிறேன் என்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. உங்கள் கையிலும் மாவிலும் குறையில்லை.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் கூரை ஏற்றியாகிவிட்டது, ஆனால் சுவர் மூலையில் ஐசிங், அதாவது ஒட்டுகிற சர்க்கரைப் பசை, இன்னும் பளபளக்கிறது. காய்ந்த ஐசிங் பளபளக்காது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலாக இருக்கும். இரண்டாவது படத்தில் ஜிஞ்சர்பிரெட் வீட்டுக்குப் பின்னால் அடுப்பில் இட்லிக் கொப்பரை. சன்னல் கண்ணாடி முழுக்க ஆவி பூத்து, ஒரு மூலையில் நீர் வழிந்திருக்கிறது. கூரை சரிந்ததற்கு முதல் படம் காரணம், சுவர் நமத்ததற்கு இரண்டாவது படம் காரணம்.

சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தேன் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்துவிட்டு இட்லி, சோறு, குக்கர் என்று நாள் முழுக்க ஆவி விடுகிற சமையலறையில் எந்த லேப்குஹன் (ஜிஞ்சர்பிரெட்டின் ஜெர்மன் பெயர்) வீடும் மூன்று நாள் தாங்காது. பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மாவின் லேப்குஹன் வீடு ஜனவரி வரை நிற்கிறதென்றால், அவர் ராத்திரி ரொட்டியும் சீஸும் சாப்பிடுகிறவர் என்பதும் ஒரு காரணம். நீங்கள் இட்லியை விட வேண்டாம், ஜிஞ்சர்பிரெட் வீட்டை இடம் மாற்றினால் போதும். கட்டுவதும் வைப்பதும் கூடத்தில் இருக்கட்டும். ஹீட்டருக்கு மேலே வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் சூடேறிப் பலகை வளையும். ஃபிரிட்ஜ் கூடவே கூடாது.

மாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 250 கிராம் தேன், 100 கிராம் சர்க்கரை, 75 கிராம் வெண்ணெய் மூன்றையும் கொதிக்கவிடாமல் இளக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் 500 கிராம் மைதா (இங்கே 405 வகை), லேப்குஹன் மசாலாப் பொடி (பட்டை, கிராம்பு, ஏலக்காய் மாதிரி) ஒரு மேசைக்கரண்டி, முட்டைக்குப் பதில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் சேர்த்துப் பிசைந்து, மூடி, ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் கல் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், கைச்சூட்டில் இளகும். ஆப்பசோடா ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். மாவு உப்பிவிட்டால் சுவர் கோணும். கடையில் கிறிஸ்துமஸ் சாமான்களோடு வைத்திருக்கும் ஹிர்ஷ்ஹார்ன்சால்ஸ் என்கிற அமோனியா உப்பு உங்களுக்குத் தேவையே இல்லை. அது கலந்த பச்சை மாவைப் பிள்ளைகள் கிள்ளித் தின்னக்கூடாது, ஆறு வயதுக்காரன் கிள்ளாமல் இருக்கமாட்டான்.

பூரிக்கட்டையால் ஆறு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அட்டை மாதிரியை வைத்து வெட்டி, 175 டிகிரியில் கால் மணி நேரம். வெளியே எடுத்தவுடன், சூட்டோடு சூடாக, மறுபடி அட்டையை வைத்து ஓரங்களை நேராக நறுக்கிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் விடுகிற படி இதுதான். வேகும்போது பலகை கொஞ்சம் பரவும். ஓரம் வளைந்த இரண்டு பலகைகளை எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது.

நான் பேக்கரி வேலை பழகிய இடத்தில் மாஸ்டர் ஒவ்வொரு பலகையையும் நகத்தால் தட்டிப் பார்ப்பார். நம் ஊரில் மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அப்படி. டக்கென்று தெளிவாகக் கேட்டால் சுவராகும். மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம், 120 டிகிரியில் இன்னும் இருபது நிமிடம் போட்டு, முழுக்க ஆறவிட்டு மறுபடி தட்டுவார். இதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், விடாமல் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது கிட் விஷயம். இதில் எனக்குக் கோபம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேப்குஹன் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரிலேயே சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்துவிடுகிறது. பிள்ளை டீ-சர்ட்டோடு திரிகிற காலத்தில் அடுக்கிய பெட்டியை நீங்கள் டிசம்பரில் வாங்குகிறீர்கள். அதற்குள் அது எத்தனை கிடங்கு, எத்தனை லாரி பார்த்ததோ. என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு கிட் வாங்கிப் பிரித்தேன். ஒரு கூரைப் பலகை இரண்டாக உடைந்திருந்தது, இன்னொன்று அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. கூடவே வந்த ஐசிங் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைக்கருவும் இல்லை, அதற்கு ஈடான எதுவும் இல்லை, வெறும் சர்க்கரைப் பொடி. வெறும் சர்க்கரையும் தண்ணீரும் கேக்குக்கு மேலே ஊற்றலாம், சுவரைத் தாங்காது. கடைக்காரர் தயாரிப்பாளரைக் கை காட்டினார். தயாரிப்பாளர் 'அலங்காரத்துக்கான பொருள், உடைவது இயல்பு' என்று பதில் எழுதினார். புகாரை வாங்குகிற இடமெல்லாம் விஷமிருக்கிறதா, தேதி கடந்ததா என்றுதான் கேட்கிறார்கள். ஒரு பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை வீணாயிற்று என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

வாட்ஸ்அப் குழு வியாபாரி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம் மிச்சமான பெட்டிகள் பாதி விலைக்குக் கீழே போகும். அதை மொத்தமாக வாங்கி வைத்து, அடுத்த நவம்பரில் பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு, கண்ணாடிக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி 'கையால் செய்தது' என்று விற்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆளும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. எந்த நாள் சுட்டீர்கள், என்னென்ன சேர்த்தீர்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். சுட்டவருக்கு இரண்டும் நாக்கு நுனியில் இருக்கும்.

லேப்குஹனுக்குப் பேர்போன நகரத்தின் பெயரைப் போட்டு 'நூரம்பெர்க் முறை' என்று எழுதிக் கூடுதல் பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். நூரம்பெர்க் லேப்குஹன் என்ற பெயருக்கு 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. அந்த நகர எல்லைக்குள் செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். 'முறை', 'பாணி' என்று ஒட்டுப் போட்டும் எழுதக்கூடாது. அதிலேயே உயர்ந்த வகையான எலிசன் லேப்குஹனில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு கொட்டைப் பருப்பு இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தின்ன அருமை, மெத்தென்று இருக்கும், ஆனால் அதில் சுவர் நிற்காது. விலை கூடினால் வீடு உறுதியாகும் என்று நம்பி அதை வாங்கிவந்து பிள்ளைகள் முன்னால் திண்டாடியவர்கள் உண்டு. வீட்டுக்கு ஏற்றது சாதாரணத் தேன் மாவுதான்.

அலங்காரச் சாமானிலும் ஒரு பொறி இருக்கிறது. மினுமினுப் பொடி டப்பாவில் 'நச்சுத்தன்மையற்றது' என்றிருந்தால் அது தின்னத்தக்கது என்று அர்த்தமில்லை. தின்னலாம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், சேர்மானப் பட்டியலும் இருக்க வேண்டும். வெள்ளை நிறத்துக்குப் போடும் டைட்டானியம் டையாக்சைடை (இ171) ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆகஸ்ட் முதல் உணவில் தடை செய்துவிட்டது; வேறு நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மிட்டாய்த் தூவலில் அது இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். இ102, இ110, இ129 மாதிரி ஆறு சாயங்களுக்கு 'குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம்' என்று எச்சரிக்கை போடவேண்டும் என்பது 2010 முதல் சட்டம். போடுகிறார்கள், பொட்டலத்தின் முதுகில். எழுத்து 1.2 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் சட்டத்துக்குப் போதும், சின்னப் பொட்டலமென்றால் 0.9 போதும். முன்பக்கத்தில் கரடிப் பொம்மையை உள்ளங்கை அளவுக்கு அச்சடிக்க இடமிருக்கிறது, தாய் படிக்க வேண்டியதற்கு ஒரு மில்லிமீட்டர்தான் இடம். எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

இனி உங்கள் மாமியார். அவருக்காக இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த விதிவிலக்கைத்தான் எல்லாச் செய்முறைகளும் ஒரே வரியில் தாண்டிப் போகின்றன. வழக்கமான பசை, வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் அடித்தது. வெள்ளைக்கரு இல்லாமல் அந்தப் பிடிப்பு வர ஒரு வழி உண்டு, அது உங்கள் அடுப்பிலேயே இருக்கிறது: வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். அது வெள்ளைக்கரு மாதிரியே நுரைத்து நிற்கும் என்று 2014இல் பிரான்சில் ஒருவர் கண்டுபிடித்தார். இப்போது உலகம் முழுக்க அக்வாஃபாபா என்கிறார்கள்.

ஆனால் நாம் சுண்டலுக்கு வேகவைக்கிற மாதிரி வேகவைத்தால் கெட்டது. உப்பு கூடாது, மஞ்சள் கூடாது, பெருங்காயம் கூடாது, சீக்கிரம் வேகட்டும் என்று போடுகிற ஆப்பசோடாவும் கூடாது. கறுப்புக் கடலை வேண்டாம், பழுப்பு நிறம் வந்துவிடும். ராத்திரி ஊறவைத்து, அந்த ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கடலை மூழ்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றி வேகவையுங்கள். வெந்த தண்ணீரோடு கடலையை அப்படியே ஆறவிட்டு, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து வடித்தால், விரலில் தொட்டு இழுக்க வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். தண்ணியாக இருந்தால் சின்னத் தீயில் சுண்டவைத்து ஆறவிடுங்கள். மூன்று மேசைக்கரண்டி ஒரு வெள்ளைக்கருவுக்குச் சமம். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் நுரைக்காது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் பிசுக்கு போகவே போகாது, எவர்சில்வர் எடுங்கள், உள்ளே எலுமிச்சை மூடியால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். நுரை வந்ததும் எலுமிச்சைச் சாறு நாலு துளி, பிறகு ஐசிங் சுகர் கொஞ்சம் கொஞ்சமாக, 250 முதல் 300 கிராம் வரை. கரண்டியைத் தூக்கினால் கூம்பு நுனி மடங்காமல் நிற்க வேண்டும். மடங்கினால் இன்னும் ஒரு கைப்பிடி.

இது வெள்ளைக்கருப் பசையை விட மெதுவாகக் காயும். முட்டைப் பசையில் சுவர் ஐந்தாறு மணி நேரத்தில் பிடிக்குமென்றால் இதற்கு ஒரு ராத்திரி முழுக்கக் கொடுங்கள். கரடி உருவ ஜெல்லி மிட்டாய் வாங்கும்போதும் பாருங்கள், இங்கே கிடைப்பதில் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் என்று எழுதியதை எடுங்கள், அப்போதுதான் அவரும் கூரையில் கை வைப்பார்.

சர்க்கரையைக் காய்ச்சிப் பாகால் ஒட்டு, நொடியில் பிடிக்கும் என்று யாராவது சொல்வார்கள். பிடிக்கும்தான். அந்தப் பாகு 160 டிகிரிக்கு மேல் இருக்கும், விரலில் பட்டால் தோலோடுதான் வரும். பிள்ளைகள் சுற்றி நிற்கிற மேசையில் அதை நினைக்கவே வேண்டாம்.

நீங்கள் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்த்தீர்கள். நான்கு நாளாகப் பிரியுங்கள். வெள்ளி ராத்திரி மாவு. சனி சுடுவது, தட்டிப் பார்ப்பது. ஞாயிறு காலை பலகைகளைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்தே அலங்காரம். சன்னல், கதவு, மிட்டாய் எல்லாம் அப்போதே. நின்ற சுவரில் ஒட்டினால் வழுக்கும், படுத்த சுவரில் ஆறு வயதுக் கைக்கும் எளிது. சாயங்காலம் சுவரை நிறுத்தி, உள்ளே ஒரு தக்காளி டின்னை அண்டை கொடுங்கள். திங்கள் சாயங்காலம், மூலை ஐசிங் மங்கிவிட்டதா என்று பார்த்து, டின்னை எடுத்துவிட்டுக் கூரை. கூரையின் இரண்டு ஓரத்துக்கும் கீழே இரண்டு டின் முட்டுக் கொடுத்து மறுநாள் வரை விடுங்கள்.

திங்கள்கிழமை அவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் நீங்கள் கூரையைப் போட்டுவிடாதீர்கள். காத்திருந்து வைக்கிற கூரையை அவர்களே வைக்கட்டும். உங்கள் மாநிலத்தில் ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் விடுமுறை. அதுவரை கூடத்து அலமாரியில் நின்றால், அன்றைக்கு உடைத்துப் பாலில் தோய்த்துத் தின்னலாம். அந்த நேரம் நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கும்.

மாமியாரிடம் கொண்டைக்கடலையை வியாழன் ராத்திரியே ஊறப்போடச் சொல்லுங்கள். வெள்ளியன்று வேகவைத்தால் சனிக்கிழமை பசைத் தண்ணீர் தயார், வெந்த கடலை சுண்டலுக்கு.