நீதிமன்ற அவமதிப்புக்குத் தண்டிக்கப்பட்ட அதிகாரியை அதிபரே மன்னித்துவிட்டால், கோர்ட் உத்தரவுக்கு என்ன மரியாதை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி ஜோ அர்பயோவுக்கு ட்ரம்ப் கொடுத்த மன்னிப்பைப் பற்றியது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மாரிகோப்பா கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஷெரீஃபாக, அதாவது போலீஸ் தலைவராக, இருந்தவர். சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்ற சந்தேகத்தை மட்டும் வைத்து ஆட்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2011-ல் ஃபெடரல் நீதிபதி உத்தரவு போட்டார். மனிதர் கேட்கவில்லை. 2017 ஜூலையில் கிரிமினல் அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பு. எத்தனை நாள் உள்ளே என்று சொல்வதற்குள் ஆகஸ்டில் மன்னிப்பு வந்துவிட்டது.

சட்டப்படி செல்லும். 1925-ல் கிராஸ்மன் வழக்கிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதற்கு வழிவிட்டுவிட்டது. ஆனால் அதே தீர்ப்பின் மறுபாதியை யாரும் பேசுவதில்லை. தண்டிப்பதற்கான கிரிமினல் அவமதிப்புக்குத்தான் மன்னிப்பு. உத்தரவை நிறைவேற்ற வைக்கும் சிவில் அவமதிப்பில் வழக்குப் போட்டவரின் உரிமை இருக்கிறது, அதில் அதிபர் கைவைக்க முடியாது. அர்பயோ தப்பித்த பிறகும் அந்த ஷெரீஃப் ஆபீஸ் மீது கோர்ட் கண்காணிப்பு தொடர்ந்தது. செலவு, வழக்கம்போல, மக்கள் வரிப்பணம்!

நான் பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து பட்டா, பென்ஷன் என்று வருவார்கள். ஹைகோர்ட்டில் ரிட் (அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போட்டு, 'எட்டு வாரத்துக்குள் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கவும்' என்று ஆர்டர் வாங்கித் தருவோம். எட்டு வாரம் போகும், ஆறு மாசமும் போகும், ஃபைல் அசையாது. ரிட்டில் எதிர்மனுதாரர் ஒரு பதவி, அவ்வளவுதான். கன்டெம்ப்ட், அதாவது அவமதிப்பு வழக்கு, போட்டால் அதிகாரியின் சொந்தப் பெயர் ஏறும். 'நேரில் ஆஜராகவும்' என்று ஆகிவிட்டால் வாய்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்தே ஆள் வந்து ஆர்டர் காப்பியைக் கொடுத்துவிட்டுப் போவார், சீல் மை கூடக் காய்ந்திருக்காது. எங்கள் கட்சிக்காரர்களுக்கு வேலை நடந்ததெல்லாம் அந்தப் பயத்தில்தான். மேலிடத்துக் கையெழுத்து ஒன்று காப்பாற்றும் என்று தெரிந்தால் அந்த ஆள் ஏன் வரப்போகிறார்?

இங்கே அரசியல் சட்டத்தின் 72, 161-வது பிரிவுகளின்படி ஜனாதிபதியும் ஆளுநரும் மன்னிக்கலாம், ஆனால் அமைச்சரவை ஆலோசனைப்படி. கோர்ட்டும் ஆராயலாம். ஆந்திராவில் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு ஆளுநர் கொடுத்த தண்டனைக் குறைப்பை 2006-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் கைதிக்குச் சாதகமாகப் போன அறிக்கையில் 'நல்ல காங்கிரஸ் தொண்டர்' என்று எழுதியிருந்தார்கள்! ஆளுநர் முடிவெடுக்காமல் உட்கார்ந்துகொண்டு இழுத்தடிப்பதும் எடுபடாது. எங்கள் பக்கத்துப் புழல் சிறையிலும் இருந்த பேரறிவாளனை விடுவிக்க 2018-ல் அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் தாமதித்து ஜனாதிபதிக்கு அனுப்ப, 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றமே தன் சிறப்பு அதிகாரமான 142-வது பிரிவில் விடுவித்தது.

'பெரிய தலைகள் கன்டெம்ப்டில் உள்ளே போனதுண்டா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 2006-ல் கோர்ட் உத்தரவை மீறி மர அறுவை மில்களை அனுமதித்ததற்காக மகாராஷ்டிர அமைச்சர் ஒருவருக்கும் முதன்மைச் செயலாளர் ஒருவருக்கும் உச்ச நீதிமன்றம் ஒரு மாதச் சிறை விதித்தது.