ஏற்பி மரபணு ஒன்று மருந்து இலக்காகக் கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தால், மருந்து எப்போது கைக்கு வரும்?

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ உள்ள நோயின் பெயரை அந்தச் செய்தியில் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீண்டகாலமாக ஒற்றைத் தலைவலியுடன் வாழும் நானும் 2004இல் அப்படித்தான் ஒரு செய்தியைப் படித்தேன்.

ஏற்பி என்பது, வேதிச் செய்திகளைப் பெற்றுக்கொள்ளும் உயிரணுப் புரதம்; அதை உருவாக்கும் மரபணுவே ஏற்பி மரபணு. மூளையைச் சூழ்ந்த உறைகளில் உள்ள நரம்பு முனைகள் சிஜிஆர்பி என்னும் சிறு புரதத்தை வெளிவிடுகின்றன. அது தன் ஏற்பியில் பொருந்தும்போது இரத்தக் குழாய்கள் விரிந்து வலி வலுக்கிறது. அந்த ஏற்பியை மறிக்கும் ஓல்செஜிபான்ட் மருந்தை 2.5 மில்லிகிராம் அளவில் சிரைவழி பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கும், மருந்தற்ற திரவம் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தது என்பதே அவ்வாண்டு வெளியான முடிவு. அடுத்து, அதே ஏற்பியை மறிக்கும் டெல்காஜிபான்ட் என்ற மாத்திரையும் சோதனைக்கு வந்தது.

அப்போது என் மருத்துவர், தலைவலி வருமுன் தடுக்கும் மாத்திரையைத் தினமும் எடுக்கச் சொல்லியிருந்தார். புதிய மருந்துதான் வரப்போகிறதே என்று நான் அதைத் தள்ளிப்போட்டு, மாதத்தில் பதினைந்து நாள்களுக்கு மேல் வலிநிவாரணியை விழுங்கிக் காலம் கடத்தினேன். அளவு மீறிய வலிநிவாரணியே தலைவலியை அன்றாடமாக்கிவிடும் என்பதை என் உடம்பில்தான் கற்றேன். இதற்கிடையே, டெல்காஜிபான்டைத் தினமும் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்ந்ததால் 2009இல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. 2011இல் மருந்தே கைவிடப்பட்டது. நம்பிக்கையூட்டிய செய்தியை அத்தனை பெரிதாக வெளியிட்ட நாளிதழ், கைவிடப்பட்டதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஆராய்ச்சியாளர்களைக் குறைகூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் எதிர்கொண்டது எளிய பொருளன்று. செய்தியில் 'ஒரு மரபணு' என்று படிக்கிறோம்; ஆனால் சிஜிஆர்பி ஏற்பிக்கு இரண்டு மரபணுக்களின் புரதங்கள் தேவை. சிஏஎல்சிஆர்எல் மரபணு தரும் புரதம் தனியாக உயிரணுவின் மேற்பரப்பை அடையாது. ரேம்ப்1 என்ற துணைப் புரதம் அதை அங்கே கொண்டுசேர்க்கிறது. சிஏஎல்சிஆர்எல் தரும் அதே புரதம் ரேம்ப்2 என்ற மற்றொரு துணைப் புரதத்துடன் சேர்ந்தால் அட்ரினோமெடுலின் என்ற வேறொரு பொருளுக்கான ஏற்பியாகிவிடுகிறது. இந்த உண்மை 1998இல்தான் தெரியவந்தது. ஆகவே ஒன்றைத் தொட்டு மற்றொன்றைத் தொடாத மருந்தைத் தேட வேண்டியிருந்தது.

சிஜிஆர்பி பற்றி 1982இலேயே தெரிந்திருந்தும், அதன் ஏற்பியை மறிக்கும் எரினுமாப் என்ற எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட இலக்கில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் புரதம்) ஊசிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2018 மே மாதத்தில்தான், முப்பத்தாறு ஆண்டுகள். எல்லா ஏற்பிக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் படித்த ஆய்வு உயிரணுக்களில் நடந்ததா, எலிகளில் நடந்ததா, மனிதர்களில் நடந்ததா என்பதை முதலில் பாருங்கள். முதல் இரண்டில் ஒன்று என்றால், இப்போது கையிலுள்ள சிகிச்சையை அதற்காக ஒருநாளும் ஒத்திப்போடாதீர்கள்.

வலிநிவாரணியைக் குறைத்து, தள்ளிப்போட்ட அந்தத் தடுப்பு மாத்திரையை எடுக்கத் தொடங்கியபோதே என் தலைவலி நாள்கள் பாதியாகிவிட்டன. எரினுமாப் ஊசியை அதன் பிறகு, மாதம் ஒருமுறை போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். மலச்சிக்கல் வந்தது, ஆனாலும் தொடர்கிறேன். சென்ற மாதம் எனக்குத் தலைவலி வந்தது மூன்று நாள்கள்.