முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் பிஆர்பி ஊசி: செயின அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். காவேரிப்பட்டணம் பக்கம் எங்க ஊரு, நாலு மாடு வச்சி சொசைட்டிக்கு பால் ஊத்தறேன், கொஞ்சம் மாந்தோப்பு இருக்கு. என் தம்பிக்கு 23 வயசு, ஓசூர்ல கம்பெனி வேலை, சம்பளம் 18,500. திருவிழா கபடில முட்டி திரும்பி ஜவ்வு கிழிஞ்சிடுச்சி, பெங்களூர்ல ஆபரேஷன் பண்ணி ஆறு வாரம் ஆகுது. அவன் பேர்ல நான் போட்டு வச்சிருந்த 3 லட்ச ரூபா பாலிசில அந்த செலவு கேஷ்லெஸ்லயே போயிடுச்சி. இப்ப பிஆர்பி ஊசி மாசம் ஒண்ணுன்னு மூணு போட்டா சீக்கிரம் செட் ஆகும்னு சொல்றாங்க, ஒண்ணு 12,000, இன்சூரன்ஸ்ல வராதாம். வீட்டுக்காரம்மா செயின் 3 பவுன் இருக்கு, அத தெரிஞ்சவர்கிட்ட ரெண்டு வட்டிக்கு வச்சிடலாமா? பிசியோவுக்கு வேற தினம் 350 போகுது, அத நிறுத்திட்டு வீட்டுலயே பண்ணிக்கறேன்னு தம்பி சொல்றான்.

பதில்: செயின் கழுத்துலயே இருக்கட்டும் சார். பிசியோவ நிறுத்திட்டு ஊசி போடறதுங்கறது மாட்டுக்கு தீவனத்த நிறுத்திட்டு டானிக் வாங்கி ஊத்தற கதை, அத மொதல்ல விடுங்க.

நான் டாக்டர் இல்ல, ஊசி போடு போடாதன்னு சொல்ற இடத்துல நான் இல்ல, ஆனா 36,000 ரூபா கடன் வாங்கி ஒரு பொருள வாங்கப் போறீங்கன்னா அந்த பொருள் என்னன்னு பாக்கறது என் வேலை. பிஆர்பின்னா பெருசா ஒண்ணுமில்ல, தம்பியோட சொந்த ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து மெஷின்ல வேகமா சுத்த விடுவாங்க. உங்க சொசைட்டில ஃபேட் பாக்க பால ட்யூப்ல ஊத்தி சுத்த விடறாங்கல்ல, அதே மாதிரிதான். சிவப்பணு அடியில தங்கிடும், மேல மஞ்சளா நிக்கற தண்ணில பிளேட்லெட் சேந்து வரும், அத முட்டில போடுவாங்க. டெங்கு வந்தா குறைஞ்சி போச்சின்னு பப்பாளி இலை தேடி ஓடுவோமே, அதே பிளேட்லெட்தான். அதுல காயம் ஆறறதுக்கு உதவற சில புரதம் இருக்கு, அதனால புது ஜவ்வு சீக்கிரம் பிடிக்கும்னு ஒரு எதிர்பார்ப்பு. சொந்த ரத்தங்கறதால பெரிய ஆபத்தும் கெடையாது, அதனாலதான் யாரும் வேணாம்னு சொல்ல மாட்டேங்கறாங்க.

ஆனா எதிர்பார்ப்பு வேற, பலன் வேற. ஜவ்வு ஆபரேஷன்ல பிஆர்பிய வச்சி பல ஆய்வு நடந்திருக்கு, நிறைய இடத்துல ஆபரேஷன் டேபிள்லயே புது ஜவ்வு மேல போட்டு பாத்தாங்க, முடிவு ஒண்ணு ஒரு பக்கம் இன்னொண்ணு இன்னொரு பக்கம்னு கலந்துதான் வருது. உங்க தம்பிக்கு சொல்ற மாதிரியே, ஆபரேஷனுக்கு அப்புறம் மாசத்துக்கு ஒண்ணுன்னு மூணு ஊசி போட்டு சீனாவுல 120 பேர்கிட்ட பாத்த ஆய்வு 2024ல வந்துச்சி. ஒரு வருஷம் கழிச்சி பாத்தா ஊசி போட்டவங்க முட்டிக்கும் போடாதவங்க முட்டிக்கும் வலிலயோ நடமாட்டத்துலயோ சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. உங்க டாக்டர் தம்பி முட்டிய நேர்ல பாத்தவரு, அவருக்கு வேற காரணம் இருக்கலாம், அதனால நேராவே கேளுங்க: "சார் இது போடலன்னா என்ன ஆகும்?" பதில்ல "கண்டிப்பா போட்டே ஆகணும்"னு வந்தா ஏன்னு எழுதி வாங்கி இன்னொரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. "போட்டா நல்லது"ன்னு வந்தா அது கையில காசு இருக்கறவங்களுக்கான பதில்.

ரெண்டு வட்டின்னா 36,000க்கு மாசம் 720, வருஷத்துக்கு 8,640. மாங்கா சீசன்ல மீட்டுடலாம்னு நெனைப்பீங்க, போன வருஷம் மாங்கா என்ன விலைக்கு போச்சின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. அதே 36,000ஐ 350ஆல வகுத்து பாருங்க, 102 நாள் பிசியோ வருது. இந்த ஆபரேஷன்ல முட்டிய திரும்ப நிக்க வைக்கறது அந்த பிசியோதான். என்கிட்ட வர்ற தர்மபுரிக்காரர் ஒருத்தர் ரெண்டாவது மாசமே நிறுத்திட்டாரு, இன்னைக்கும் கால் முழுசா நீட்ட வராது, பஸ்ல சீட்டு ஓரத்துல கால வெளிய போட்டுதான் உக்காருவாரு. தினம் போக வேணாம்னு பிசியோகாரரே சொன்னா வாரம் மூணு நாளா குறைச்சிக்கோங்க, அதுவும் கஷ்டம்னா கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசு திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ தர்றாங்க, 2021 ஆகஸ்ட்ல அது ஆரம்பிச்சதே நம்ம சாமனப்பள்ளிலதான். படுக்கையில இருக்கறவங்களுக்குத்தான் முன்னுரிமை, இருந்தாலும் ஊர் நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுல என்ன போயிடப் போகுது.

இன்சூரன்ஸ்ல வராதுன்னு சொன்னது பெரும்பாலும் சரிதான். கம்பெனிங்க ஒதுக்கக்கூடாதுன்னு, இன்சூரன்ஸ் கம்பெனிங்களுக்கு விதி போடற ஐஆர்டிஏஐ 2019ல 12 நவீன சிகிச்சைய பட்டியல் போட்டுச்சி, அதுல பிஆர்பி இல்ல, அதோட "நிரூபிக்கப்படாத சிகிச்சை"ன்னு பாலிசிலயே ஒரு விலக்கு இருக்கும், அத காட்டி தள்ளிடுவாங்க. அதுக்கு சண்டை போட்டு நேரத்த வீணாக்காதீங்க. நீங்க விட்டுட்டது வேற. அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி எடுத்த எம்ஆர்ஐ, டாக்டர் ஃபீஸ் எல்லாம் கையில இருந்து குடுத்திருப்பீங்க, பெரும்பாலான பாலிசில முன்னாடி 30 நாள், பின்னாடி 60 நாள் செலவ திரும்ப கேக்கலாம். ஆறு வாரம்னா 42 நாள் போச்சி, 60 நாள் பாலிசின்னா இன்னும் 18 நாள்தான். மாத்திரை பில், டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டோட பிசியோ பில் எல்லாத்தையும் தம்பி பேர்ல வாங்கி வைங்க, பிசியோ சேருமா, பில்லு அனுப்ப கடைசி தேதி என்னன்னு பாலிசிலயே பாத்துக்கோங்க. காரணமே சொல்லாம மறுத்தா கம்பெனிக்கு புகார் எழுதுங்க, ஒரு மாசத்துல சரியான பதில் வரலன்னா சென்னைல இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், ஃபீஸ் கெடையாது.

இன்னொண்ணு, இதுதான் பெரிய காசு, நீங்க கேக்கவே இல்ல. தம்பிக்கு சம்பளம் 18,500ன்னா 21,000க்குள்ள வருது, அப்ப இஎஸ்ஐ, அதான் தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு, பிடிச்சிருக்கணும். அவனோட பேஸ்லிப்ப எடுத்து பாருங்க, முக்கால் சதவீதம், 139 ரூபா கிட்ட ஒரு பிடித்தம் இருக்கும். இருந்துச்சின்னா, தேவையான நாள் கட்டியிருந்தா, உடம்பு சரியில்லாம சம்பளம் இல்லாத நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கெடைக்கும். கணக்கு போட்டா 39,000 கிட்ட வருது, நீங்க செயின வச்சி வாங்கப் போற காச விட ஜாஸ்தி. வெளி ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணதால இஎஸ்ஐ டாக்டர் சர்டிபிகேட்டுக்கு கொஞ்சம் அலைய வேண்டி வரும், தர்றது அவங்க முடிவு, ஆனா நாள் ஆக ஆக இன்னும் இழுக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, லீவு லெட்டர், இஎஸ்ஐ நம்பர் மூணையும் எடுத்துக்கிட்டு இந்த வாரமே ஓசூர் இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்கு போங்க, தம்பியையும் கூட்டிட்டு போங்க, ஆள பாக்காம சர்டிபிகேட் தர மாட்டாங்க.

அந்த காசு வந்து, டாக்டரும் ஒரு நல்ல காரணம் சொல்லி, தம்பியும் ஊசி வேணும்னு நின்னான்னா போட்டுக்கட்டும், அது அவன் காசு. கபடி மட்டும் ஒன்பது மாசத்துக்கு முன்னாடி பேச்சே எடுக்க வேணாம்னு சொல்லி வைங்க, ஊசி போட்டாலும் சரி போடலன்னாலும் சரி.