ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் மகன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: போலந்தின் கிராக்கோ நகரில் பத்து ஆண்டுகளாக வசிக்கிறோம். 17 வயது மகன் உள்ளூர் கிளப்பின் இளையோர் அணியில் கால்பந்து ஆடுகிறான். ஏஜென்ட் ஒருவர், கீழ் டிவிஷன் கிளப் ஒன்றின் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்திருக்கிறார். "போலந்தின் கால்பந்து நட்சத்திரம் லெவன்டோவ்ஸ்கியையே இந்த வயதில் கிளப் கழற்றிவிட்டது. நீண்ட ஒப்பந்தம் இருந்தால் அந்தக் கதி வராது" என்கிறார். அலைச்சல் செலவுக்கென்று 3,000 ஸ்லோட்டி முன்பணமும் கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா? (ஒரு தாய்)

பதில்: போட வேண்டாம், சகோதரி. பணமும் கொடுக்க வேண்டாம்.

18 வயது நிரம்பாத வீரர் மூன்று ஆண்டுக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் செய்ய, உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி இடம் தருவதில்லை. அதற்கு மேற்பட்ட காலத்தைக் கால்பந்து அமைப்புகள் ஏற்காது. இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. உங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு அது தெரியாவிட்டால் அவர் ஏஜென்ட் இல்லை. தெரிந்தே வந்திருந்தால் இன்னும் மோசம்.

அவர் சொன்ன கதைக்கு வருகிறேன். பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். 2006-இல் வார்சாவின் லேகியா கிளப், காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த லெவன்டோவ்ஸ்கியை விடுவித்தது உண்மை. முந்தைய ஆண்டுதான் தந்தையை இழந்திருந்த பையன். ஆனால் அடுத்து என்ன நடந்தது? வார்சாவுக்குப் பக்கத்திலுள்ள புருஷ்கூவ் ஊரின் ஸ்னிச் என்ற சிறிய கிளப்புக்குப் போனார். மூன்றாம் டிவிஷனில் 15 கோல், மறு ஆண்டு இரண்டாம் டிவிஷனில் 21 கோல். இரண்டு முறையும் அவர்தான் அதிக கோல் அடித்தவர். 2008-இல் லெக் போஸ்னான் கிளப் 15 லட்சம் ஸ்லோட்டி கொடுத்து அவரை வாங்கியது. அவரைக் காப்பாற்றியது நீண்ட ஒப்பந்தம் இல்லை. வாரா வாரம் மைதானத்தில் இறங்கி ஆடக் கிடைத்த வாய்ப்பு. உங்கள் மகனுக்கும் இந்த வயதில் தேவை அதுதான். கிளப்பிடம் எத்தனை ஆண்டு என்று கேட்பதற்கு முன், எந்த அணியில், எந்தப் பயிற்சியாளரிடம், எத்தனை ஆட்டம் என்று கேளுங்கள்.

ஒப்பந்த காலம் யாருக்குப் பலம் என்பதையும் லெவன்டோவ்ஸ்கியின் வாழ்க்கையே காட்டுகிறது. 2010-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் போனார். 2014 ஜனவரியில், ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இன்னொரு ஜெர்மன் கிளப்பான பேயர்ன் மியூனிக்கோடு கையெழுத்துப் போட்டார். கோடைக்காலத்தில் கிளம்பியபோது அவரை விட்டுக்கொடுத்ததற்கு டார்ட்மண்டுக்கு ஒரு யூரோகூடக் கிடைக்கவில்லை. கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொள்ள விதி அனுமதிக்கிறது. 2022-இல் பேயர்னிலிருந்து பார்சிலோனாவுக்குப் போகும்போது ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு மிச்சம் இருந்தது; வயது 33. பேயர்ன் நான்கரைக் கோடி யூரோ வாங்கிக்கொண்டுதான் அனுப்பியது. மிச்சமிருக்கும் ஒவ்வொரு மாதமும் கிளப்பின் பெட்டிச்சாவி. அதை எதற்காக ஐந்து ஆண்டுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

மூன்று ஆண்டு, இரண்டு ஆண்டு என்று குறைத்துக் கொடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். சென்ற ஆண்டு ஒரு தந்தை என் மேசைமேல் வைத்த தாளில் முதல் பக்கத்தில் "இரண்டு ஆண்டு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எட்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், கிளப் விரும்பினால் மே 31-க்குள் ஒரு கடிதம் அனுப்பி மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம், அதற்குப் பிறகும் இன்னோர் ஆண்டு நீட்டிக்கலாம் என்றிருந்தது. சம்பளம் கூடுவது பற்றி ஒரு வரி இல்லை. வீரருக்கு அதே உரிமை உண்டா என்றால் அதுவும் இல்லை. தேதி எழுதும் இடம் வெற்றாக விடப்பட்டிருந்தது. அந்தத் தந்தை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். போலிஷ் மொழி சரளமாகத் தெரியாத பெற்றோரைத் தேடித்தான் இப்படிப்பட்ட தாள்கள் வருகின்றன. நீங்கள் நம்பும் ஒருவர் வரிக்கு வரி வாசித்துச் சொல்லும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

கையெழுத்துப் போட்டால் நடுவில் வெளியே வரவே முடியாதா? ஒரு வழி இருக்கிறது. சம்பளப் பாக்கி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாதியாகப் புரிந்துகொண்டு கெட்டுப்போனவர்கள் அதிகம். 2018 முதல் ஃபிஃபா விதிப்படி குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால் வீரர் கிளப்புக்கு எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து, 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் முழுப் பாக்கியும் தீராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் பாக்கி என்றதும் மறுநாளே பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் குற்றவாளி உங்கள் மகன்தான். வாய்ச்சொல்லாகக் கேட்டது அறிவிப்பு ஆகாது. பாதிப் பணம் வந்துவிட்டதா, எந்தத் தேதியில் வந்தது என்பதெல்லாம் கணக்கில் வரும். உள்நாட்டு வழக்குக்குப் போலந்துக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதியையும் வைத்து நாள்களைச் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் ஊரிலேயே இது நடந்தது. 13 முறை சாம்பியனான விஸ்வா கிராக்கோ, 2018 முடியும்போது பல மாதச் சம்பளம் தர முடியாமல் நின்றது. புதிய முதலீட்டாளர்கள் வாக்களித்த பணம் வந்துசேரவில்லை. 2019 ஜனவரியில் லீகில் ஆடுவதற்கான கிளப்பின் உரிமமே நிறுத்திவைக்கப்பட்டது. சில வீரர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார்கள். தேசிய அணியின் முன்னாள் கேப்டன் பிளாஷ்சிகோவ்ஸ்கி இரண்டு தொழிலதிபர்களோடு சேர்ந்து மொத்தம் 40 லட்சம் ஸ்லோட்டி கடன் கொடுத்து, மாதம் 500 ஸ்லோட்டி சம்பளத்தில் தானே ஆட வந்தார். அவர் ஒரு நல்ல மனிதர். அந்த கிளப் பிழைத்தது. உங்கள் மகனின் கீழ் டிவிஷன் கிளப்புக்கு அப்படி ஒருவர் வருவார் என்று நம்பி எதையும் எழுதிக் கொடுக்க முடியாது.

இனி அந்த 3,000 ஸ்லோட்டி. ஏஜென்டுக்கு ஃபிஃபா உரிமம் வேண்டும். அதற்குத் தேர்வு உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவரை அணுகப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். தொழில்முறை ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் சிறுவனிடம் கட்டணம் வாங்க முடியாது. ஏஜென்டோடு செய்யும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. 2023-இல் வந்த இந்த விதித்தொகுப்பின் முக்கியப் பகுதிகளை, ஜெர்மன் நீதிமன்றத் தடைக்குப் பிறகு, அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபிஃபாவே நிறுத்திவைத்தது. பெரிய ஏஜென்டுகளின் கமிஷன் விகிதத்துக்காக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்குகிறார்கள். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவரின் உரிமத்தைச் சோதிக்க மட்டும் யாரும் வரவில்லை. அந்த வேலையையும் உங்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். பதினைந்து வயது, பதினாறு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் இப்படி ஏமாந்து வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அவருடைய உரிம எண்ணை எழுதி வாங்குங்கள். ஃபிஃபாவின் ஏஜென்ட் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். ஒப்பந்தத்தின் முழு நகலை வாங்கி வையுங்கள். பிறகு, அவர் இல்லாமல், நேராக அந்த கிளப்பின் அலுவலகத்துக்கே போய், இந்தத் தாள் உங்களுடையதுதானா என்று கேளுங்கள்.