விளக்கை அணைத்தும் மின்னோட்டம் இறங்காவிட்டால்

மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒற்றையடுக்கில் செய்த உங்கள் ஒளியுணர் டிரான்சிஸ்டரில், விளக்கை அணைத்த பிறகும் மின்னோட்டம் இறங்கவில்லையா? ஒளியை அணைத்ததும் கேட்டில் (gate, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனை) ஒரு நேர்மின் துடிப்பு கொடுங்கள்: கேட்டைப் பிரிக்கும் காப்பு அடுக்கான உங்கள் 300 நானோமீட்டர் ஆக்சைடுக்கு +40 வோல்ட், சில பத்து மில்லிநொடி. பத்து நிமிடமாகியும் இறங்காத மின்னோட்டம் பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும்.

மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒற்றையடுக்கு நேராக அந்த ஆக்சைடின், அதாவது சிலிக்கான் டைஆக்சைடின், மேல் இருப்பதுதான் இதற்குக் காரணம். ஒளியில் பிறந்த துளைகள் (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்போல நடக்கும் இடங்கள்) இரண்டும் சேரும் இடைமுகத்தின் பொறிகளில் (traps, மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் இடங்கள்) மாட்டிக்கொண்டு, இன்னொரு கேட் போல எலக்ட்ரான்களை இழுத்து வைக்கின்றன.

சோதிக்க, ஒளிக்கு முன்னும் பின்னும் இருட்டில் எடுத்த கேட் வளைவுகளை (கேட் வோல்ட்டுக்கு எதிராக மின்னோட்டம்) ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். முழு வளைவும் எதிர் வோல்ட் பக்கம் நகர்ந்திருந்தால் பொறிதான். ஸ்வீப்பை (வளைவுக்காகக் கேட் வோல்ட்டை ஏற்றி இறக்குவதை) குறுகலாக, வேகமாக எடுங்கள். நீண்ட ஸ்வீப்பே பொறியைக் காலிசெய்துவிடும்!

துடிப்புக்குப் பின் இருள் மின்னோட்டம் (ஒளியில்லாதபோது ஓடுவது) பழைய அளவுக்கும் கீழே போனால் துடிப்பு அதிகம். 5 வோல்ட் படியாகக் குறையுங்கள். கேட் கசிவு (ஆக்சைடு வழியே கசியும் மின்னோட்டம்) திடீரென ஏறினால் உடனே நிறுத்துங்கள், ஆக்சைடு உடைந்தால் சாதனம் போச்சு.